மாத்திரை எழுதும்போது தசையையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்கிற மூட்டு நோய்) பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நோய் எப்படி வருகிறது, என்ன ரத்தப் பரிசோதனை எடுக்க வேண்டும், மாத்திரையை ஏன் பாதியில் நிறுத்தக் கூடாது என்பதெல்லாம் தெளிவாக இருந்தது. எங்கள் தெருவிலேயே இரண்டு மூன்று பேர் அதை வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் அவ்வளவு பெரிய கட்டுரையில் தசை என்ற சொல் ஓர் இடத்தில்கூட வரவில்லை. கடைசியில், 'போதிய ஓய்வும் லேசான உடற்பயிற்சியும் நல்லது' என்று ஒரு வரி, அவ்வளவுதான். அந்த ஒரு வரியில் முடிந்துபோகிற விஷயம் இல்லை இது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். முடிந்தால் வெட்டாமல் போடுங்கள்.

நான் திருமங்கலம் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கபடி, கோ-கோ, வாலிபால் என்று வாழ்நாள் முழுக்க மைதானத்திலேயே நின்றவள். 46 வயதில் எனக்கு முடக்குவாதம் வந்தது. எங்கள் அம்மா தலைமுறை இதைச் சரவாங்கி என்பார்கள். காலையில் எழுந்தால் விரல் மடங்காது. இரண்டு மணிக்கட்டும் ஒரே மாதிரி வீங்கும். ஷூ லேஸ் கட்ட முடியாமல் செருப்போடு மைதானத்துக்குப் போன நாட்கள் உண்டு.

மூட்டு வீங்கியது எல்லோர் கண்ணிலும் பட்டது. தொடை மெலிந்தது யார் கண்ணிலும் படவில்லை. எடை மெஷின் பழைய எண்ணைத்தான் காட்டியது, சொல்லப்போனால் சற்றுக் கூடியே இருந்தது. மருந்து நன்றாக வேலை செய்தது. சில மாதங்களில் வீக்கம் வடிந்தது, நோயின் வேகத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான ஈ.எஸ்.ஆர். இறங்கியது, 'நல்லாயிட்டீங்க டீச்சர்' என்றார்கள். அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் பெரியார் நிலையத்துக்குப் போகிற டவுன் பஸ்ஸில் முதல் படி ஏற முடியாமல் நின்றேன். வலி இல்லை. ஆனாலும் ஏற முடியவில்லை. கம்பியைப் பிடித்து இழுக்கக் கையில் பிடிமானம் இல்லை, உந்தி எழும்பத் தொடையில் தெம்பு இல்லை. பின்னால் நின்ற பெண் இடுப்பில் கை கொடுத்து ஏற்றிவிட்டாள். ரத்தப் பரிசோதனைத் தாளில் நான் தேறிவிட்டேன். பஸ் படியில் தேறவில்லை.

முடக்குவாதக்காரர்களில் எத்தனையோ பேர் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். நான் சொல்ல வந்தது இதுதான்: மூட்டுக்குச் செய்கிற வைத்தியத்தோடு தசைக்கும் வைத்தியம் செய்ய வேண்டும். தசைக்கு வைத்தியம் என்றால் பலப் பயிற்சி. அதையும் மருந்துச் சீட்டில் மருந்தைப் போலவே அளவோடு எழுதித் தர வேண்டும்.

முடக்குவாதம் தேய்மானம் அல்ல. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிற நோய். நூறு பேரில் ஒருவருக்குச் சற்றுக் குறைவான அளவில் இது வருகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். அந்தத் தாக்குதலால் வரும் அழற்சியின்போது (வீக்கம், சூடு, வலி) உடம்பில் ஊறுகிற டி.என்.எஃப்., இன்டர்லூக்கின் போன்ற பொருட்கள் மூட்டோடு நின்றுவிடுவதில்லை. ரத்தத்தோடு உடம்பு முழுக்கப் போய்த் தசையில் இருக்கும் புரதத்தைக் கரைக்கின்றன. கரைந்த இடத்தில் கொழுப்பு வந்து உட்கார்ந்துகொள்வதால் எடை குறைவதில்லை, ஆளும் மெலிந்ததாகத் தெரிவதில்லை. லண்டனில் ஜேம்ஸ் பேஜட் என்ற அறுவை மருத்துவர் 1873-லேயே நோயுற்ற மூட்டைச் சுற்றியுள்ள தசை மெலிவதைப் பற்றி எழுதியிருக்கிறார். அவ்வளவு பழைய செய்தி இது.

இன்னும் இருக்கிறது. முழங்காலில் நீர் கோத்து வீங்கியிருந்தால், முன்தொடைத் தசைக்குப் போகிற நரம்புக் கட்டளையையே உடம்பு தானாகக் குறைத்துக்கொள்ளும். எவ்வளவு முயன்றாலும் தசை முழுதாக இறுகாது. இது சோம்பல் இல்லை, மன பலம் குறைந்ததும் இல்லை. அப்புறம் வலிக்குப் பயந்து நடமாட்டத்தைக் குறைக்கிறோம். ஸ்டீராய்டு மாத்திரையை நாள்பட எடுத்தால் அதுவும் தொடை, தோள் தசைகளை அரிக்கும். இத்தனையும் சேர்ந்து, அதே வயதுள்ள ஆரோக்கியமான ஒருவரின் தசை பலத்தில் கால் பங்கோ சிலருக்குப் பாதியோகூடக் குறைந்துபோகிறது. கொஞ்ச தூரம் நடந்தாலே மூச்சு வாங்குவதும், மத்தியானத்துக்குள் ஓய்ந்துபோவதும் இதோடு சேர்ந்தவைதான். முடக்குவாதம் இருப்பவர்களுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அதனால் இதை வெறும் கை கால் பிரச்சினை என்று தள்ளிவிட முடியாது.

நல்ல செய்தியும் உண்டு. வேல்ஸ் நாட்டில் பேங்கர் பல்கலைக்கழகத்தில், நோய் கட்டுக்குள் இருக்கும் முடக்குவாதக்காரர்களின் தசையைச் சோதித்துப் பார்த்தார்கள். அளவுக்கு அளவு ஒப்பிட்டபோது, அது ஆரோக்கியமானவர்களின் தசையைப் போலவே விசை கொடுத்தது. அதாவது நோய் தசையைச் சிறுக்க வைக்கிறதே தவிர, மிச்சமிருக்கும் தசையை உபயோகமற்றதாக ஆக்கிவிடுவதில்லை. அங்கேயே 2009-ல் வெளியான இன்னோர் ஆய்வில், 24 வாரம் படிப்படியாக எடை கூட்டிப் பயிற்சி செய்தவர்களுக்குத் தசை திரும்ப வளர்ந்தது, பலமும் கூடியது. நான் இதைப் படித்த அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை. போனது திரும்ப வரும் என்று அதற்கு முன்னால் யாருமே எனக்குச் சொன்னதில்லை.

எல்லோரும் சொன்னது ஓய்வு எடு என்பதுதான். ஒரு மருத்துவர் சொன்னார், பக்கத்து வீட்டார் சொன்னார்கள், எண்ணெய் தேய்த்துவிட வந்தவர் சொன்னார். பள்ளியில் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு அலுவலக வேலைக்கு மாற்றினார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. மருத்துவ உலகமே ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தது. 1970-கள் வரைக்கும்கூட முடக்குவாதக்காரர்களை மருத்துவமனையில் வாரக்கணக்கில் படுக்க வைப்பது வழக்கத்தில் இருந்தது. அசைத்தால் மூட்டு இன்னும் கெட்டுவிடும் என்ற பயம்தான் காரணம்.

அந்தப் பயம் சரியா என்று பிறகு பல நாடுகளில் சோதித்திருக்கிறார்கள். பின்லாந்தில் நோய் புதிதாக வந்தவர்களுக்கு ரப்பர் பட்டையும் டம்பெல்லும் கொடுத்து, வாரம் இரண்டு முறை வீட்டிலேயே இரண்டு வருடம் பயிற்சி செய்யச் சொன்னார்கள். 2001-ல் வெளியான அந்த ஆய்வில், வெவ்வேறு தசைகளின் பலம் 19 முதல் 59 சதவீதம் வரை கூடியிருந்தது. நெதர்லாந்தில் சுமார் 300 பேரை வைத்து நடந்த ஆய்வு 2003-ல் வந்தது. வாரம் இரண்டு நாள், ஒவ்வொரு நாளும் ஒன்றேகால் மணி நேரம், இரண்டு வருடம். சைக்கிள் மிதிப்பது, சுற்றுப் பயிற்சி (பல பயிற்சிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வது), கடைசியில் ஒரு விளையாட்டு. விளையாட்டு என்றால் பேட்மின்டன், வாலிபால், கூடைப்பந்து! முடக்குவாதக்காரர்களை வாலிபால் ஆட விட்டிருக்கிறார்கள் என்று படித்தபோது என் கண் நிறைந்துவிட்டது. அவர்களுக்கு அன்றாட வேலை செய்யும் திறன் கூடியது, பெரிய மூட்டுகளில் பொதுவாகச் சேதம் அதிகமாகவில்லை. ஏற்கெனவே பெரிய மூட்டு மோசமாகச் சேதமடைந்திருந்தவர்களுக்கு மட்டும் கடினமான பயிற்சியில் கவனம் தேவை என்று சொல்லியிருந்தார்கள். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கைக்கும் தனியாகப் பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 490 பேரிடம் நடந்து 2015-ல் வெளியான ஆய்வில், விரலையும் மணிக்கட்டையும் நீட்டுகிற, பலப்படுத்துகிற பயிற்சிகளைச் சேர்த்துச் செய்தவர்களின் கை, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களின் கையைவிட ஒரு வருடம் கழித்தும் நன்றாக வேலை செய்தது. ஐரோப்பிய வாதநோய் மருத்துவர் அமைப்பு 2018-லும், அமெரிக்க அமைப்பு 2022-லும் உடற்பயிற்சியைச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே பரிந்துரைத்துவிட்டன. திருமங்கலத்துக்கும் உசிலம்பட்டிக்கும் மேலூருக்கும் அது இன்னும் வந்து சேரவில்லை.

எங்கள் தெருவில் பூக்கட்டுகிற அம்மா ஒருவர் இருக்கிறார். என்னைவிடச் சின்னவர். விடியுமுன் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய் உதிரி மல்லி வாங்கி வந்து, மத்தியானம் வரை கட்டி, சாயங்காலம் முழம் போட்டு விற்பார். அவருக்கும் இதே நோய். பயிற்சி செய்யுங்கள் என்று நான் பேச்செடுத்தால், "நாள் பூரா கையும் காலும் ஓயாம வேலை பாக்குறேன் டீச்சர், இதுக்கு மேல என்ன எக்சைஸ்?" என்பார். இந்தக் கேள்வியைப் பெண்கள் எல்லோரும் கேட்கிறார்கள். வயலில் களை எடுப்பவர் கேட்கிறார், நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவர் கேட்கிறார். நியாயமான கேள்விதான். பதிலையும் மரியாதையாகச் சொல்ல வேண்டும்.

பூக்கட்டும்போது கட்டைவிரலும் இரண்டு விரலும் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கின்றன. மணிக்கட்டு மடங்கியே இருக்கிறது, கழுத்து குனிந்தே இருக்கிறது. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பதால் தொடைக்கு வேலையே இல்லை. இதயம் வேகமெடுப்பதும் இல்லை. வலித்தாலும் நிறுத்த முடியாது, முகூர்த்த நாளில் கேட்கவே வேண்டாம். தசை வளர வேண்டும் என்றால், பழகிய அளவைவிடக் கொஞ்சம் கூடுதலான சுமை அதற்குக் கிடைக்க வேண்டும், அப்புறம் ஓரிரு நாள் இடைவெளியும் கிடைக்க வேண்டும். வீட்டு வேலையிலும் கூலி வேலையிலும் இந்த இரண்டுமே இல்லை. சுமை ஏறுவதில்லை, ஓய்வும் கிடைப்பதில்லை. மூட்டு களைக்கிறது, தசை வளர்வதில்லை. பாத்திரம் தேய்ப்பதும் இப்படித்தான். அதனால், வேலை பார்க்கிற உடம்புக்கும் தனியாகப் பயிற்சி வேண்டும்.

முதலில் அந்த அம்மாவை அவருடைய மருத்துவரிடமும் பிசியோதெரபிஸ்ட்டிடமும் கேட்டு வரச் சொன்னேன். சரி என்றார்கள். பிறகு எங்கள் வீட்டு வராந்தாவிலேயே தொடங்கினோம். சுவரோடு ஒட்டிப் போட்ட நாற்காலி, அதன் மேல் மடித்த போர்வை. கையை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து நிற்க வேண்டும், மெதுவாக, பொத்தென்று விழாமல் உட்கார வேண்டும். உட்காரும்போதுதான் தொடைக்கு நல்ல வேலை. தாராளமாகப் பத்துப் பன்னிரண்டு முறை வந்துவிட்டால் போர்வையில் ஒரு மடிப்பைக் குறைப்போம். உயரம் குறையக் குறைய சுமை கூடும். கொல்லைப்புறத் துவைகல் படியாக இருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலால் ஏறி இறங்குவது. ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில் மாட்டி இரண்டு கையாலும் பின்னுக்கு இழுப்பது. விரல் பிடித்து இழுத்தால் வலிக்கிறவர்களுக்குப் பட்டையை உள்ளங்கையில் சுற்றிக்கொடுத்துவிடுவேன். கைக்கு, சப்பாத்தி மாவு உருண்டையை மெதுவாக அமுக்குவது, விரல்களை ஒவ்வொன்றாகக் கட்டைவிரல் பக்கம் நகர்த்துவது, மேஜை மேல் கையை வைத்து விரல்களை விரிப்பது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற கடினமான பந்தைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொல்வதை நான் விரும்புவதில்லை, வீங்கிய விரலுக்கு அது வேண்டாத வதை.

இதை வாரத்துக்கு இரண்டு நாள், நடுவில் இடைவெளி விட்டுச் செய்கிறோம். மற்ற நாட்களில் நடை. பேச்சு வரும், பாட்டு வராது என்கிற வேகத்தில் நடக்க வேண்டும். வாரத்துக்கு 150 நிமிடம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இவர்களுக்கும் பொருந்தும், ஆனால் முதல் நாளே அதைக் கேட்கக் கூடாது. ஐந்து நிமிடத்தில் தொடங்கினாலும் போதும். காலை இறுக்கம் விடாதபோது பயிற்சி வேண்டாம். வெந்நீர் ஊற்றிக்கொண்டு, உடம்பு இளகிய பிறகு, பெரும்பாலும் சாயங்காலம்தான் எங்களுக்கு ஒத்துவருகிறது. பயிற்சி முடித்து இரண்டு மணி நேரத்துக்கு மேலும் மூட்டு வலித்தால் அடுத்த முறை அளவைக் குறைக்க வேண்டும். தொடையும் கெண்டைக்காலும் மறுநாள் வலிப்பது வேறு, அது தசை வலி, அதற்குப் பயப்பட வேண்டாம். நோய் கிளம்பி மூட்டு சூடாக வீங்கியிருக்கும் நாட்களில் சுமையை விட்டுவிட்டு, மூட்டை மெதுவாக மடக்கி நீட்டினால் போதும். அப்போதும் முற்றிலும் படுத்துவிடக் கூடாது.

கழுத்தைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நாள்பட்ட முடக்குவாதம் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவே உள்ள பிணைப்பைத் தளர்த்திவிடலாம். யோகா வகுப்பில் சிரசாசனம், சர்வாங்காசனம் என்று ஆர்வமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இந்த நோய் உள்ளவர்கள் கழுத்தில் பாரம் விழுகிற எதையும் மருத்துவரைக் கேட்காமல் செய்யவே கூடாது. கழுத்தைச் சொடுக்கிவிடுகிறவர்களிடமும் போகக் கூடாது. கழுத்தைக் குனிந்தால் முதுகில் கரண்ட் பாய்வது போல இருந்தாலோ, கை மரத்துப் பிடி தளர்ந்தாலோ உடனே காட்ட வேண்டும்.

பூக்கட்டும் அம்மா இப்போது பூப்பையைத் தானே தூக்கி பஸ்ஸிலிருந்து இறங்குகிறார். தரையில் உட்கார்ந்து பூக்கட்டிவிட்டு, ஒரு கையைத் தரையில் ஊன்றித் தானாக எழுந்துவிடுகிறார். முன்பு மகன் வந்து தூக்க வேண்டும். முன்னைப் போல மத்தியானத்தில் அடித்துப்போட்டது போலக் கிடப்பதும் குறைந்திருக்கிறது. கோணிய விரல் நேராகவில்லை, நேராகாது, அதை முதலிலேயே சொல்லிவிட்டேன். மாத்திரையும் நிற்கவில்லை. பயிற்சி செய்கிறேன், மருந்தை விட்டுவிடுகிறேன் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். நோய் கட்டுக்குள் இருந்தால்தான் தசை வளரவே வழி பிறக்கும். இந்த நோய்க்குத் தருகிற மெத்தோட்ரெக்ஸேட் மருந்தை எடுப்பவர்கள் அது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் எடுக்கிற மருந்து என்பதை வீட்டில் எல்லோருக்கும் தெரியும்படி காலண்டரில் குறித்து வையுங்கள். தினமும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. பெயரில்லாத பொடியையும் உருண்டையையும் வாங்கித் தின்ன வேண்டாம். அப்படிப்பட்டவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பல இடங்களில் தெரியவந்திருக்கிறது. அன்றைக்கு வலி பறந்துவிடும், தசையும் எலும்பும் மெல்லக் கரையும்.

சாப்பாட்டிலும் ஒரு கஷ்டம். 'வாத உடம்பு' என்று சொல்லிப் பருப்பு, கொண்டைக்கடலை, மொச்சை, முட்டை எல்லாவற்றையும் வாயு என்று ஒதுக்கிவிட்டு, இரண்டு வேளை கஞ்சியும் துவையலுமாக இருக்கிறார்கள் நம் பெண்கள். தசைக்கு வேண்டியதே அந்தப் புரதம்தான். பருப்பு தின்பதால் முடக்குவாதம் வருவதில்லை. சிறுநீரகக் கோளாறு போல வேறு காரணத்துக்காக மருத்துவர் தடுத்திருந்தால் தவிர, சுண்டலை ஒதுக்க வேண்டியதில்லை.

இனி என் கோரிக்கைகள். மருத்துவர்களிடம் முதலில். ஓ.பி.யில் எவ்வளவு கூட்டம் என்று எனக்குத் தெரியும், வரிசையில் நின்றவள்தான். ஆனாலும் ஒரு நாற்காலியைக் காட்டி, 'கையைக் கட்டிக்கொண்டு ஐந்து முறை உட்கார்ந்து எழுந்திருங்கள்' என்று சொல்லிக் கடிகாரம் பார்க்க அரை நிமிடம் போதும். ஆசிய நாடுகளின் தசை நலிவு ஆய்வுக் குழு 2019-ல் வகுத்த அளவுப்படி, அதற்கு 12 விநாடிக்கு மேல் ஆனால் கவனிக்க வேண்டும். கைப்பிடி பலத்தை அளக்கிற கருவியைச் செவிலியரே கையில் கொடுத்துப் பார்க்கலாம். பெண்களுக்கு 18 கிலோ, ஆண்களுக்கு 28 கிலோவுக்குக் கீழே இருந்தால் பலம் குறைவு. விரல் வீங்கியிருந்தால் இந்த அளவு வலியாலும் குறையும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற ரத்தப் பரிசோதனை அளவுகளை எழுதுகிற அதே தாளில் இந்த இரண்டு எண்ணும் எழுதப்பட்டால், அடுத்த முறை வரும்போது கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று நோயாளிக்கே தெரியும். 'எக்சர்சைஸ் பண்ணுங்க' என்று வாய்வார்த்தையாகச் சொல்வதை விட்டு, எந்தப் பயிற்சி, எத்தனை முறை, வாரம் எத்தனை நாள் என்று எழுதிக்கொடுங்கள். எழுதியதை எங்கள் மக்கள் மதிப்பார்கள்.

அரசிடம் கேட்பது, மக்களைத் தேடி மருத்துவம் பற்றி. 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மாத்திரை வருகிறது, பிசியோதெரபிஸ்ட்டும் வீட்டுக்கு வருகிறார். பக்கவாதத்தில் படுத்தவர்களுக்கு அது பெரிய உதவி, நான் நேரில் பார்த்திருக்கிறேன். படுப்பதற்கு முன்னாலேயே முடக்குவாதக்காரர்களையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். மாதம் ஒரு முறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பத்துப் பெண்களைச் சேர்த்து உட்கார வைத்து, பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தால்கூடப் போதும். ரப்பர் பட்டை விலை உயர்ந்த பொருள் அல்ல. 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அறிவித்தார்கள், நல்லது. அந்தப் பாதையிலும், பூங்காக்களிலும், வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றியும், கொஞ்ச தூரத்துக்கு ஒன்றாகக் கைப்பிடி உள்ள உயரமான பெஞ்சுகள் போட்டால் எங்களைப் போன்றவர்களும் தைரியமாக நடக்க வருவோம். தாழ்வான சிமென்ட் திட்டில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் தேட வேண்டியிருக்கிறது.

என் சொந்தத் துறையிடமும் ஒரு வேண்டுகோள். இந்த மாவட்டத்தில் எத்தனை பள்ளி மைதானங்கள், எத்தனை உடற்கல்வி ஆசிரியர்கள்! சனி, ஞாயிறு சாயங்காலம் ஒரு மணி நேரம் மைதானத்தை ஊர்ப் பெண்களுக்குத் திறந்துவிடலாம். சுமையைப் படிப்படியாக ஏற்றுவது எப்படி என்பது நமக்குத் தெரிந்த வித்தை. பிசியோதெரபிஸ்ட் வகுத்துக் கொடுத்தால், செய்ய வைப்பதை நாம் பார்த்துக்கொள்ளலாம். தனியாகச் செய்தால் இரண்டு வாரத்தில் விட்டுவிடுவார்கள், கூட்டமாகச் செய்தால் வராதவரை மற்றவர்கள் வீடு தேடிப் போய் அழைத்து வருவார்கள். கபடி டீம் நடத்திய யாருக்கும் இது தெரியும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு. 'நீ உட்காரும்மா, நான் பாத்துக்கிறேன்' என்று மகனும் மருமகளும் சொல்வது பாசம்தான். அந்தப் பாசத்தில் கொஞ்சம் மாற்றம் வேண்டும். ஈரத்துணி முறுக்கிப் பிழிவது, நிறைகுடம் தூக்குவது, கனமான குக்கரை ஒரு கையால் இறக்குவது, இறுகிய மூடி திறப்பது, இந்த வேலைகளை வாங்கிக்கொள்ளுங்கள். இவைதான் விரலையும் மணிக்கட்டையும் கெடுப்பவை. நடக்கிற வேலை, படியேறுகிற வேலை, எழுந்து உட்காருகிற வேலையை அவர்களிடமே விட்டுவிடுங்கள். மிச்சமாகிற அந்த அரை மணி நேரத்தில் பயிற்சி செய்ய விடுங்கள். டீ கேட்டு நடுவில் கூப்பிடாதீர்கள்.

அக்டோபர் 12 உலக மூட்டுவாத தினம். அன்றைக்குத் தங்கள் நாளிதழில் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கி, இந்தப் பயிற்சிகளைப் படத்தோடு வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வாதநோய் மருத்துவர் ஒருவரும் பிசியோதெரபிஸ்ட் ஒருவரும் சரிபார்த்துத் தரட்டும். செய்துகாட்ட வயதான, விரல் கோணிய ஆள் வேண்டும் என்றால் நான் வருகிறேன். பூக்கட்டும் அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், முகூர்த்த நாளாக இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.